வாய்ச்சொல் போதாது, கையெழுத்து வேண்டும்!

அணுகுண்டுச் சோதனை என்ற பேச்சு மறுபடியும் உலகில் கிளம்பியிருக்கிறது. மற்ற நாடுகளுக்குச் சமமாக அமெரிக்காவும் அணு ஆயுதங்களைச் சோதிக்கத் தொடங்க வேண்டும் என்று தமது யுத்த இலாகாவுக்கு உத்தரவிட்டிருப்பதாக 2025 அக்டோபர் 30-ம் தேதி அமெரிக்க ஜனாதிபதி டிரம்ப் அறிவித்தார். சில நாட்களில் அவருடைய எரிசக்தி மந்திரி, குண்டின் மற்றப் பாகங்களைத்தான் சோதிக்கப் போகிறோம், அணு வெடிப்பு எதுவும் இல்லை என்று விளக்கம் கொடுத்தார். ஆனால் கிளம்பிய பேச்சு அடங்கவில்லை. நவம்பர் 5-ம் தேதி ரஷ்ய ஜனாதிபதி புடின், தம் நாடும் சோதனைக்கு ஆயத்தம் செய்வது பற்றி யோசனைகளைத் தயாரிக்கும்படி அதிகாரிகளுக்கு உத்தரவிட்டார். ஒருவர் வாய் திறந்தார். ஒரு வாரத்துக்குள் இன்னொருவர் பதில் கொடுத்தார்.

அமெரிக்கா கடைசியாக அணுகுண்டை வெடித்துப் பார்த்தது 1992 செப்டம்பரில். சோவியத் நாடு 1990 அக்டோபரில் நிறுத்தியது. பிரிட்டன் 1991-லும், பிரான்சும் சீனாவும் 1996-லும் நிறுத்தின. இந்தியாவும் பாகிஸ்தானும் 1998 மே மாதம் வெடித்ததோடு சரி. அதற்குப் பிறகு 2006 முதல் 2017 வரை ஆறு முறை வெடித்தது வட கொரியா ஒன்றுதான். 1945 முதல் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட குண்டுகளை வெடித்துப் பார்த்த இந்த உலகம், முப்பது வருஷமாக ஏறக்குறைய மௌனமாக இருக்கிறது. அந்த மௌனத்தைக் கலைக்கத்தான் இப்போது பேச்சு நடக்கிறது.

“இதெல்லாம் டெல்லியிலும் வாஷிங்டனிலும் பேச வேண்டிய விஷயம். ராத்திரி ஷிப்டு முடிந்து வருகிறவனுக்கும், நடவுக்குப் போகிறவளுக்கும் இதில் என்ன வேலை?” என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் சரித்திரம் சொல்லும் பதில் வேறு. அணுகுண்டுச் சோதனையின் விஷத்தை முதலில் உடம்பில் ஏற்றவர்கள் செம்படவர்களும் ஆடு மேய்ப்பவர்களும் தீவுவாசிகளும். அதை நிறுத்தும்படி முதலில் தெருவுக்கு வந்தவர்கள் மீன் கடைக்காரர்களும் தாய்மார்களும் சுரங்கத் தொழிலாளர்களும். மந்திரிகள் பிறகுதான் வந்தார்கள். அந்தக் கதையைத் தெரிந்துகொண்டால்தான் இன்று நம் வேலை என்ன என்பது தெரியும்.

மீன் படகின் மேல் விழுந்த சாம்பல்

1954 மார்ச் 1-ம் தேதி விடியற்காலை. பசிபிக் சமுத்திரத்தில் மார்ஷல் தீவுகளைச் சேர்ந்த பிகினியில் அமெரிக்கா ஒரு ஹைட்ரஜன் குண்டை வெடித்தது. அதன் பலம் ஒன்றரைக் கோடி டன் வெடிமருந்துக்குச் சமம். ஹிரோஷிமாவை அழித்த குண்டைப் போல ஆயிரம் மடங்கு! அதைச் செய்த விஞ்ஞானிகளே இவ்வளவை எதிர்பார்க்கவில்லை. அவர்கள் போட்ட கணக்கைவிட இரண்டரை மடங்கு வேகத்தோடு அது வெடித்தது.

அந்த நேரத்தில் ஒரு ஜப்பானியப் படகு சூரை மீன் பிடித்துக்கொண்டிருந்தது. அதன் பெயர் ‘ஃபுகுர்யு மாரு’. ‘அதிர்ஷ்ட டிராகன்’ என்று அர்த்தம். படகில் 23 பேர். அபாய எல்லை என்று அமெரிக்க சர்க்கார் குறித்திருந்த இடத்துக்கு வெளியேதான் அவர்கள் மீன் பிடித்துக்கொண்டிருந்தார்கள். திடீரென்று மேற்கே சூரியன் உதித்தது போல் வானம் சிவந்தது. சில மணி நேரத்தில் வெள்ளையாகச் சாம்பல் விழ ஆரம்பித்தது. வெடிப்பில் தூளாகி மேலே போன பவளப் பாறையின் சாம்பல் அது. தலையிலும் தோளிலும் விழுந்ததை அவர்கள் கையால் தட்டிவிட்டுக்கொண்டு வேலையைப் பார்த்தார்கள். ராத்திரிக்குள் வாந்தி. சில நாட்களில் தோல் கருத்து, முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது.

மார்ச் 14-ம் தேதி படகு யாய்ஸு துறைமுகத்துக்குத் திரும்பியது. 23 பேரும் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். படகின் ரேடியோ ஆபரேட்டர் ஐகிச்சி குபோயாமா செப்டம்பர் 23-ம் தேதி இறந்தார். அவருக்கு வயது 40. அடுத்த வருஷம் அமெரிக்கா 20 லட்சம் டாலர் கொடுத்தது. ஆனால் அதை நஷ்டஈடு என்று சொல்லவில்லை, குற்றத்தையும் ஒப்புக்கொள்ளவில்லை. கருணைத் தொகை என்ற பெயரில் கொடுத்தது. மில்லில் கை போனவனுக்கு, “சட்டப்படி உனக்கு ஒன்றுமில்லை, ஏதோ மனசிறங்கித் தருகிறேன்” என்று சொல்லி நோட்டை நீட்டும் முதலாளியை நமக்குத் தெரியும். நாடுகள் விஷயத்திலும் அதே வழக்கம்தான்.

காற்று அடித்த திசையில் ரோங்கலாப் என்ற தீவும் இருந்தது. அங்கும் அதே சாம்பல் விழுந்தது. குழந்தைகள் அதைக் கையில் அள்ளி விளையாடினார்கள். இரண்டு நாள் கழித்துத்தான் அமெரிக்கக் கப்பல் வந்து ஜனங்களை ஏற்றிப் போனது. 1957-ல், “இனி அபாயமில்லை” என்று சொல்லி அவர்களைத் திரும்பக் குடியேற்றினார்கள். தைராய்டுக் கட்டியும் கருச்சிதைவும் அந்தக் குடும்பங்களைப் பின்தொடர்ந்தன. 1985-ல் அந்த மக்கள் தாங்களே தீவைக் காலி செய்துவிட்டுப் போனார்கள். 1946 முதல் 1958 வரை அந்தத் தீவுக் கூட்டத்தில் மட்டும் அமெரிக்கா வெடித்த குண்டுகள் 67.

யார் மண்ணில் வெடித்தார்கள்?

இங்கே ஒரு கேள்வி கேட்க வேண்டும். இந்தக் குண்டுகளை எந்த மண்ணில் வெடித்தார்கள்?

லண்டனுக்குப் பக்கத்தில் வெடித்ததாக யாராவது கேள்விப்பட்டதுண்டா? பிரிட்டன் வெடித்தது ஆஸ்திரேலியப் பாலைவனத்தில், அங்குள்ள பழங்குடி மக்கள் நடமாடிய மரலிங்கா மண்ணில். பாரிசுக்குப் பக்கத்திலும் வெடிக்கவில்லை. பிரான்ஸ் முதல் குண்டை 1960 பிப்ரவரியில் வெடித்தது தன் காலனியாக இருந்த அல்ஜீரியாவின் சஹாராவில். அல்ஜீரியா 1962-ல் விடுதலை பெற்ற பிறகும் 1966 வரை அங்கேயே வெடித்தது. பிறகு பசிபிக்கில் தன் ஆதிக்கத்தில் உள்ள பாலினீசியத் தீவுகளுக்குப் போய் 1996 வரை 193 குண்டுகளை வெடித்தது. அமெரிக்காவோ பெரிய குண்டுகளை மார்ஷல் தீவுகளுக்குக் கொண்டுபோனது. அந்தத் தீவுகளைப் பாதுகாத்து வளர்க்கும்படி ஐக்கிய நாடுகள் சபை அமெரிக்காவிடம் ஒப்படைத்திருந்தது என்பதை மறக்கக் கூடாது.

சோவியத் நாட்டையும் இந்தக் கணக்கிலிருந்து தள்ளிவிட முடியாது. கசாக்ஸ்தானின் செமிபலாடின்ஸ்க் புல்வெளியில் 1949 முதல் 1989 வரை 456 சோதனைகள் நடந்தன. அவற்றில் நூற்றுக்கு மேற்பட்டவை திறந்த வெளியில் நடந்தவை. பக்கத்துக் கிராமங்களில் ஆடு மாடு மேய்த்த ஜனங்களுக்கு என்ன நடக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. தலைமுறை தாண்டி அவர்களிடையே புற்றுநோயும் பிறவிக் கோளாறுகளும் இருக்கின்றன. உண்மையை உண்மை என்றே சொல்ல வேண்டும். அதிகாரம் யார் கையில் இருந்தாலும், குரல் இல்லாதவன் முற்றத்தில்தான் குண்டு வெடித்தது.

“நாட்டின் பாதுகாப்பு” என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் இந்தக் கேள்வியை நாம் கேட்க வேண்டும். யாருக்குப் பாதுகாப்பு? யாருடைய செலவில்?

மீன் கடையில் ஆரம்பித்த இயக்கம்

அதிர்ஷ்ட டிராகன் படகின் செய்தி பரவியதும் ஜப்பானில் மீன் வாங்க ஆளில்லை. அந்த வருஷம் மட்டும் எண்ணூறுக்கு மேற்பட்ட படகுகள் பிடித்து வந்த மீனில் கதிரியக்க விஷம் இருப்பது தெரிந்து, அந்த மீனைப் புதைத்தார்கள், கடலில் கொட்டினார்கள். செம்படவனுக்குக் கூலி இல்லை. மீன் கடைக்காரனுக்கு வியாபாரம் இல்லை.

டோக்கியோ நகரத்தின் சுகினாமி வட்டாரத்தில் மீன் கடைக்காரர்களும் வீட்டுப் பெண்களும் ஒன்றுகூடினார்கள். ஹைட்ரஜன் குண்டைத் தடை செய்ய வேண்டும் என்று ஒரு காகிதத்தில் எழுதி வீடு வீடாகக் கையெழுத்து வாங்கப் போனார்கள். இரண்டு மாதத்தில் அந்த ஒரு வட்டாரத்தில் இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். அடுத்த வருஷம் 1955 ஆகஸ்டு மாதத்துக்குள் ஜப்பான் முழுவதும் மூன்று கோடிக்கு மேல் கையெழுத்துகள்! ஹிரோஷிமாவில் முதல் சர்வதேச மகாநாடு கூடியது அந்தக் கையெழுத்துகளின் பலத்தில்தான்.

அமெரிக்காவிலும் ஜனங்கள் சும்மா இருக்கவில்லை. சோதனையில் கிளம்பும் ஸ்ட்ரான்ஷியம் என்ற விஷம் மழையோடு புல்லில் இறங்குகிறது. புல்லைத் தின்ற மாட்டின் பாலில் சேருகிறது. அந்தப் பாலைக் குடித்த குழந்தையின் எலும்பிலும் பல்லிலும் போய் உட்காருகிறது. இதை நிரூபிக்க 1958 முதல் செயின்ட் லூயிஸ் நகரத்து விஞ்ஞானிகளும் தாய்மார்களும், குழந்தைகளுக்கு விழுந்த பால் பற்களைச் சேகரித்தார்கள். 1970-க்குள் மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட பற்கள் சேர்ந்தன. வருஷத்துக்கு வருஷம் பல்லில் விஷம் ஏறுவதை அந்தப் பரிசோதனை காட்டியது. 1961 நவம்பர் 1-ம் தேதி அமெரிக்க நகரங்களில் பல்லாயிரக்கணக்கான பெண்கள் அடுப்படியையும் ஆபீசையும் விட்டுத் தெருவில் இறங்கினார்கள்.

நம் நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. பிகினி வெடிப்புக்கு ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து, 1954 ஏப்ரல் 2-ம் தேதி பிரதமர் நேரு பார்லிமெண்டில் எழுந்து, எல்லா நாடுகளும் சோதனைகளை உடனே அப்படியே நிறுத்த வேண்டும் என்று கோரினார். உலகத்தில் அந்தக் கோரிக்கையை வைத்த முதல் சர்க்கார் தலைவர்களில் அவர் ஒருவர். 1962 செப்டம்பரில் ராஜாஜி தமது 83-வது வயதில் அமெரிக்காவுக்குப் போய் ஜனாதிபதி கென்னடியைக் கண்டு, சோதனையை நிறுத்துங்கள் என்று கேட்டுக்கொண்டார். 1952-ல் சென்னை முதன் மந்திரியாக இருந்தபோது கம்யூனிஸ்டுகளைத் தம் முதல் எதிரி என்று அறிவித்தவர்தான் அவர். அவருடைய அரசியல் வேறு, நம்முடையது வேறு. ஆனாலும் இந்த ஒரு காரியத்தில் அவர் செய்ததை மறைப்பது நேர்மை ஆகாது. விஷக் காற்று கட்சி பார்த்து வீசுவதில்லை.

வாய்ச்சொல் உடைந்த கதை

இவ்வளவுக்கும் நடுவில் நடந்த ஒரு சம்பவம்தான் இன்று நமக்கு மிக முக்கியமானது. ஜனங்களின் எதிர்ப்பு வலுத்ததும், 1958 நவம்பரில் அமெரிக்காவும் பிரிட்டனும் சோவியத் நாடும் சோதனையை நிறுத்தின. ஒப்பந்தம் எதுவும் இல்லை. வெறும் வாக்குதான். ஏறக்குறைய மூன்று வருஷம் அந்த வாக்கு நின்றது. 1959 டிசம்பர் கடைசியில் அமெரிக்க ஜனாதிபதி ஐசன்ஹோவர், இனி இந்த வாக்குக்குத் தாம் கட்டுப்பட்டவர் அல்ல என்றும், மறுபடி தொடங்கினால் முன்கூட்டித் தெரிவிப்பதாகவும் சொன்னார். 1960-ல் பிரான்ஸ் சஹாராவில் வெடித்தது. 1961 செப்டம்பர் 1-ம் தேதி சோவியத் நாடு மறுபடி வெடித்தது. இரண்டே வாரத்தில் அமெரிக்கா வெடித்தது. அக்டோபர் 30-ம் தேதி சோவியத் நாடு வெடித்த குண்டின் பலம் ஐந்து கோடி டன். மனிதன் வெடித்த குண்டுகளிலேயே பெரியது அதுதான்.

அதற்கடுத்த 1962-ம் வருஷம் உலகத்தில் எத்தனை சோதனைகள் தெரியுமா? 178. இரண்டு நாளைக்கு ஒன்று வீதம்! மூன்று வருஷம் அடைத்து வைத்திருந்தது மொத்தமாகப் பீறிட்டது போல் ஆயிற்று. அதே வருஷம் அக்டோபரில் கியூபா நெருக்கடியில் உலகம் யுத்தத்தின் விளிம்புக்கே போய்த் திரும்பியது.

அந்தப் பயத்துக்குப் பிறகுதான் 1963 ஆகஸ்டு 5-ம் தேதி மாஸ்கோவில் கையெழுத்து விழுந்தது. காற்றிலும் கடலிலும் வான்வெளியிலும் சோதிப்பதில்லை என்று மூன்று நாடுகளும் ஒப்பந்தம் செய்தன. இந்தியா மூன்றே நாளில் அதில் சேர்ந்தது. அந்தக் கையெழுத்து இதுவரை உடையவில்லை. கையெழுத்துப் போடாத பிரான்ஸ் 1974 வரையிலும், சீனா 1980 வரையிலும் திறந்த வெளியில் வெடித்தன என்பதையும் கவனிக்க வேண்டும். கையெழுத்துப் போட்டவன் நின்றான். போடாதவன் தொடர்ந்தான்.

1985-ல் இன்னொரு தடவை இதே பாடம் கிடைத்தது. சோவியத் நாடு ஆகஸ்டு 6-ம் தேதி முதல் சோதனையைத் தானாக நிறுத்தியது. அமெரிக்கா கூடச் சேரவில்லை, தொடர்ந்து வெடித்துக்கொண்டே இருந்தது. 1987 பிப்ரவரியில் சோவியத் நாடும் மறுபடி ஆரம்பித்தது.

மில் தொழிலாளிக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. “தீபாவளிக்குப் பார்த்துச் செய்கிறேன்” என்று மானேஜர் சொன்னதை நம்பி வேலைநிறுத்த நோட்டீசை வாபஸ் வாங்கினால் தீபாவளியன்று என்ன கிடைக்கும் என்பது அவனுக்குத் தெரியும். அதனால்தான் லேபர் ஆபீசர் முன்னால் இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்ட 12(3) ஒப்பந்தத்தை அவன் பல்லாண்டுகளாகக் கேட்டு வாங்கினான். வயல் வேலை செய்கிறவருக்கும் தெரியும். நடவு நாளில் ஒப்புக்கொண்ட நெல், அறுவடை முடிந்து களத்துமேட்டில் அளக்கும்போது குறைந்துவிடும். “அப்படியா சொன்னேன்?” என்பார் பண்ணையார். எழுதாத வாக்குக்கு அவ்வளவுதான் மதிப்பு.

வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளர்

1963 ஒப்பந்தத்தில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. பூமிக்கு அடியில் வெடிப்பதை அது தடுக்கவில்லை. குண்டுகள் மண்ணுக்குள் போயின. இன்னும் முப்பது வருஷம் போல வெடித்துக்கொண்டே இருந்தன.

1989 பிப்ரவரியில் செமிபலாடின்ஸ்கில் நிலத்தடியில் வெடித்த குண்டிலிருந்து விஷவாயு வெளியே கசிந்தது. கசாக் கவிஞர் ஓல்ஜாஸ் சுலைமெனோவ் டெலிவிஷனில் தோன்றி இதைப் பகிரங்கமாகச் சொல்லி, ஜனங்களைக் கூட்டத்துக்கு அழைத்தார். ஆயிரக்கணக்கானவர்கள் திரண்டார்கள். பத்து லட்சத்துக்கு மேல் கையெழுத்துகள் சேர்ந்தன. அதே வருஷம் ஜூலையில் கரகண்டா நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி, சாமான் பற்றாக்குறை முதலிய கோரிக்கைகளோடு சோதனைத் தளத்தை மூட வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொண்டார்கள். அந்த வருஷம் அக்டோபர் 19-ம் தேதி நடந்ததுதான் அங்கே கடைசிச் சோதனை. 1991 ஆகஸ்டு 29-ம் தேதி தளம் மூடப்பட்டது. சோவியத் நாட்டின் முதல் குண்டு அதே இடத்தில் வெடித்ததும் ஓர் ஆகஸ்டு 29-ம் தேதிதான். இன்று ஐக்கிய நாடுகள் சபை அந்தத் தேதியை அணுச் சோதனை எதிர்ப்பு தினமாக அனுசரிக்கிறது.

கூலி உயர்வையும் குண்டு ஒழிப்பையும் ஒரே கோரிக்கைப் பட்டியலில் எழுதினார்களே, அந்தச் சுரங்கத் தொழிலாளர்களை நாம் நினைவில் வைக்க வேண்டும். உடம்பை விற்றுப் பிழைக்கிறவனுக்கு உடம்பின் பாதுகாப்பும் ஒரு தொழிற்சங்கப் பிரச்னைதான்.

ஒன்பது நாடுகளின் கையெழுத்து

1996 செப்டம்பர் 24-ம் தேதி, எல்லாவிதமான அணு வெடிப்புச் சோதனைகளையும் தடை செய்யும் ஒப்பந்தம் கையெழுத்துக்கு வைக்கப்பட்டது. இதுவரை 187 நாடுகள் கையெழுத்திட்டிருக்கின்றன. ஆனாலும் அது சட்டமாக அமுலுக்கு வரவில்லை. ஏன்? அணு உலைகளும் அணுத் தொழில் அறிவும் உள்ள 44 நாடுகள் தவறாமல் உறுதி செய்தால்தான் அமுலாகும் என்பது அதன் விதி. அவற்றில் ஒன்பது நாடுகள் பாக்கி. அமெரிக்கா, சீனா, எகிப்து, ஈரான், இஸ்ரேல் ஆகியவை கையெழுத்திட்டும் உறுதி செய்யவில்லை. 1999-ல் அமெரிக்க செனட் சபை 51-க்கு 48 ஓட்டில் அதை நிராகரித்தது. உறுதி செய்திருந்த ரஷ்யா 2023 நவம்பரில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. இந்தியா, பாகிஸ்தான், வட கொரியா கையெழுத்தே இடவில்லை.

ஆக, இன்று உலகம் நம்பி உட்கார்ந்திருப்பது மறுபடியும் வாய்ச்சொல்லை. 1958-ல் இருந்த அதே நிலைமை! வாய்ச்சொல் 1961-ல் எப்படி முடிந்தது என்று பார்த்தோம். 2025 அக்டோபரில் கேட்ட சத்தம் அதன் எதிரொலிதான்.

“ஒப்பந்தம் போட்டாலும் ரகசியமாக வெடித்தால் யார் கண்டுபிடிப்பது?” என்று ஒரு வாதம் உண்டு. அதற்கும் பதில் தயாராக இருக்கிறது. வியன்னாவைத் தலைமையிடமாகக் கொண்ட கண்காணிப்பு ஸ்தாபனம் உலகெங்கும் நிலநடுக்கமானிகளையும், கடலில் சத்தம் கேட்கும் கருவிகளையும், காற்றைச் சலித்துப் பார்க்கும் நிலையங்களையும் வைத்திருக்கிறது. திட்டமிட்ட 337 இடங்களில் சுமார் 300 வேலை செய்கின்றன. 2006-ல் வட கொரியா வெடித்தது மிகச் சிறிய குண்டு. அதன் அதிர்வைப் பல நிலையங்கள் பிடித்தன. இரண்டு வாரம் கழித்து, ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் கனடாவில் உள்ள நிலையம் காற்றில் அதன் வாயுவையும் கண்டுபிடித்தது. 2004 சுனாமிக்குப் பிறகு இந்த நிலையங்களின் தகவல் பல நாடுகளின் சுனாமி எச்சரிக்கை மையங்களுக்கும் போகிறது. திருடன் தப்ப முடியாதபடி விளக்கு ஏற்றியாகிவிட்டது. கதவுக்குப் பூட்டுப் போடுவதுதான் பாக்கி.

“எதிரி சும்மா இருப்பானா?”

இன்னொரு வாதம் பலமானது. எதிரி ஆயுதம் பெருக்கும்போது நாம் கையைக் கட்டிக்கொள்வதா என்று கேட்கிறார்கள். எல்லையில் காவல் நிற்பவர்களும் விவசாயி வீட்டுப் பிள்ளைகளும் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகளும்தான். அவர்களுக்குப் பாதுகாப்பு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் சோதனையால் பாதுகாப்பு கூடுமா? கணக்குப் பார்ப்போம்.

அமெரிக்கா ஆயிரத்துக்கு மேலும், சோவியத் நாடு எழுநூறுக்கு மேலும் வெடித்துப் பார்த்துவிட்டன. சீனா 45 முறைதான். இந்தியாவும் பாகிஸ்தானும் விரல்விட்டு எண்ணும் அளவு. அமெரிக்கா மறுபடி ஒன்று வெடித்தால் ரஷ்யா வெடிக்கும், சீனா வெடிக்கும். சீனா வெடித்தால் இந்தியா மேல் நிர்ப்பந்தம் வரும். இந்தியா வெடித்த பதினைந்து நாளில் பாகிஸ்தான் வெடித்ததை 1998-ல் பார்த்தோம். முடிவில் ஒவ்வொருவர் கையிலும் இன்னும் நாசகாரமான குண்டு இருக்கும். எல்லோருடைய பயமும் முன்னைவிட அதிகமாக இருக்கும். பாதுகாப்பு மட்டும் யாருக்கும் கூடியிருக்காது.

ஸ்டாக்ஹோமில் உள்ள சமாதான ஆராய்ச்சி நிலையத்தின் கணக்குப்படி 2025 ஜனவரியில் ஒன்பது நாடுகளிடம் இருந்த அணுகுண்டுகள் 12,241. 2024-ம் வருஷம் உலக நாடுகள் ராணுவத்துக்குச் செலவழித்தது 2,71,800 கோடி டாலர். முந்திய வருஷத்தைவிட நூற்றுக்கு ஒன்பதுக்கு மேல் அதிகம். அந்தச் செலவில் இந்தியாவுக்கு ஐந்தாவது இடம். அவ்வளவும் யாருடைய பணம்? நூல் முறுக்கிய கையும் நாற்று நட்ட கையும் சம்பாதித்துக் கொடுத்த பணம். சோதனைப் போட்டி மறுபடி தொடங்கினால் இந்தத் தொகை எங்கே போய் நிற்கும்?

இந்தியா என்ன செய்ய வேண்டும்?

1996-ல் இந்தியா கையெழுத்திட மறுத்தபோது ஒரு காரணம் சொன்னது. குண்டு வைத்திருக்கும் ஐந்து வல்லரசுகள் தங்கள் குண்டுகளை எந்தக் காலக்கெடுவுக்குள் ஒழிக்கும் என்று சொல்லாமல், மற்றவர்களை மட்டும் கட்டிப்போடப் பார்க்கின்றன என்றது. அந்த வாதத்தில் நியாயம் இருந்தது, இன்றும் இருக்கிறது. ஏகபோகத்தை ஏகபோகம் என்று சொல்வது குற்றமல்ல.

ஆனால் 1998-க்குப் பிறகு இந்தியாவே, இனிச் சோதிப்பதில்லை என்று தானாக வாக்குக் கொடுத்திருக்கிறது. கொடுத்த வாக்கை மீற உத்தேசமில்லை என்றால் அதை எழுதித் தருவதில் என்ன நஷ்டம்? “அமெரிக்காவும் சீனாவும் உறுதி செய்யட்டும், ரஷ்யா திரும்பப் பெற்றதை மறுபடி கொடுக்கட்டும், அன்றே நாங்களும் கையெழுத்திடுகிறோம்” என்று உலகறிய அறிவிக்கலாம். பாகிஸ்தானைக் கூப்பிட்டு, இரு நாடுகளும் சோதிப்பதில்லை என்று முதலில் தங்களுக்குள் ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். 1954-ல் உலகத்துக்கு முன்னால் எழுந்து நின்ற நாடு, இன்று மற்றவர்கள் பின்னால் ஒளிந்து நிற்க வேண்டிய அவசியமில்லை. அணுகுண்டையே ஒழிக்கும் லட்சியத்துக்கு இது விரோதமும் அல்ல. மாடி ஏறுகிறவன் முதல் படியில் கால் வைத்துத்தான் ஆக வேண்டும்.

இதை டெல்லி தானாகச் செய்யாது. எந்த சர்க்காரும் தானாகச் செய்ததில்லை. சுகினாமியின் மீன் கடையிலிருந்துதான் ஆரம்பித்தது. கரகண்டாவின் சுரங்க வாசலிலிருந்துதான் வந்தது. சங்கத்தின் பொதுக்குழுவில் கூலியும் போனசும் பேசி முடித்த பிறகு, இந்த விஷயத்துக்கும் ஒரு தீர்மானம் போடலாம். விவசாயத் தொழிலாளர் கூடும் இடத்தில் கால் மணி நேரம் இதைப் பேசலாம். பார்லிமெண்டு மெம்பர் தொகுதிக்கு வரும்போது, சோதனைத் தடை ஒப்பந்தம் பற்றி உங்கள் கருத்து என்ன என்று கேட்கலாம். ஒவ்வொரு ஆகஸ்டு 29-ம் தேதியும் ஆலை வாசலில் ஒரு கூட்டம் போடலாம். இவை சின்னக் காரியங்கள்தான். மூன்று கோடிக் கையெழுத்தும் ஒரு சின்னக் காகிதத்தில்தான் ஆரம்பித்தது.

அதிர்ஷ்ட டிராகன் படகை ஜப்பான் மக்கள் அழியவிடவில்லை. டோக்கியோவில் ஒரு மண்டபத்தில் அதைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். இந்தக் குண்டுக்குப் பலியாகும் கடைசி மனிதன் தானாக இருக்க வேண்டும் என்பது குபோயாமாவின் ஆசை. அந்த ஆசை பலிக்குமா பலிக்காதா என்பது இன்னும் முடிவாகவில்லை. பாக்கி நிற்பவை ஒன்பது நாடுகளின் கையெழுத்துகள். அவற்றில் ஒன்று நம் நாட்டுடையது. அதைக் கேட்டு வாங்கும் உரிமையும் கடமையும் நமக்கு உண்டு.